ஏறினது எனக்காக, இறங்கினது முட்டிக்காக!

செஞ்சிக் கோட்டைக்கு நீங்க கட்டாயம் போயிருப்பீங்க. ஸ்கூல் டூர்ல தயிர்சாதப் பொட்டலத்தோட போய், ராஜகிரி உச்சிக்கு யார் ஃபர்ஸ்ட் ஏறுறதுன்னு பெட் கட்டி, பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்து, கடைசியில் கல்யாண மஹால் முன்னாடி க்ரூப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பியிருப்பீங்க. அந்தச் செஞ்சிக்கு மகாராஷ்டிராவில் பதினோரு பங்காளிங்க இருக்காங்கங்கிற மேட்டர் தெரியுமா பாஸ்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை ஒரே செட்டாக உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கு. மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. 'அதெப்படி மராட்டியக் கோட்டை லிஸ்ட்ல நம்ம ஊரு?' என்று நோண்ட ஆரம்பித்ததில்தான் இந்த ட்ரிப்பே முளைத்தது. ராஜ்கட், தோரணா, ராய்கட்... மூன்று மலைக்கோட்டைகள், ஐந்து நாள், இரண்டு பேர்.

ரெண்டாவது ஆள் என் ரூம்மேட். 'பேரைப் போட்டே, ஹாஸ்டலே சேர்ந்து கலாய்க்கும்' என்று கண்டிஷன் போட்டிருக்கான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் வெறும் 'மச்சான்'.

மச்சான் எங்க காலேஜ் கபடி டீமின் மெயின் ரெய்டர். அவன் பாடிப் போனா, எதிர் டீம் கார்னர் பையனே ஒரு அடி பின்னாடி போவான். செகண்ட் இயரில் ஒரு மேட்ச். போனஸ் லைனைத் தொட்டுட்டுத் திரும்பினான். கால் மேட்டில் நிற்க, உடம்பு மட்டும் திரும்ப, 'டப்'புன்னு ஒரு சத்தம். கேலரியில் இருந்த எனக்கே கேட்டது. வலது முட்டியில் ஏ.சி.எல். கிழிஞ்சு போச்சு. முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற தசைநார் அது. ஆபரேஷன் பண்ணி, வேற இடத்திலிருந்து நாரை எடுத்து வச்சுத் தைச்சாங்க. ஒரு வருஷம் பிசியோதெரபி.

டாக்டர் 'நடக்கலாம், மலை ஏறலாம், பெல்ட் போட்டுக்கோ' என்று சொல்லியாச்சு. ஆனா மச்சான் நம்பலை. ஹாஸ்டலில் மாடிப்படி இறங்கும்போதுகூட கைப்பிடியைப் பிடிப்பான். கிரவுண்டுப் பக்கம் போறதையே நிறுத்திட்டான். நான் ராஜ்கட் ப்ளானைச் சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "வர்றேன்டா. இந்தக் கால் எனக்கு இருக்கா, இல்லையான்னு தெரிஞ்சாகணும்" என்றான்.

விளையாட்டுக்குக் கிளம்பின ட்ரிப் அந்த நிமிஷமே சீரியஸ் ஆயிடுச்சு.

*

சென்னையிலிருந்து மும்பை போகிற ரயில்கள் சிலது புனே வழியாத்தான் போகும். ஒரு நாள் முழுக்க ஸ்லீப்பரில் சீட்டு ஆடி, புனேயில் இறங்கி, ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வேல்ஹே போகிற பஸ்ஸில் ஏறி மார்காசனியில் இறங்கினால், அங்கிருந்து ஷேர் ஜீப்பில் குஞ்சவணே. ராஜ்கட்டின் அடிவாரக் கிராமம்.

மொழிப் பிரச்னையா? எட்டாம் வகுப்பில் பிரச்சார சபா பரீட்சையில் ப்ராத்மிக் பாஸ் பண்ண என் இந்தியை வச்சே சமாளிச்சாச்சு. நான் இந்தியில் கேட்பேன், அவங்க மராத்தியில் சொல்வாங்க, மச்சான் தமிழில் தலையாட்டுவான். ஒரு வீட்டில் தங்க இடம் கேட்டோம். அந்த வீட்டு மாவ்ஷி (மாவ்ஷின்னா சித்தி, பெரியம்மா மாதிரி), 'கோட்டை மேலே ராத்திரி தங்க வேணாம், சாயங்காலம் இங்கேயே வந்துடுங்க' என்று சொல்லி அனுப்பினாங்க.

ஏறுகிற வழியின் பெயரே 'சோர் தர்வாஜா'. திருட்டு வாசல்! காட்டுக்குள் ஆரம்பித்து, கடைசியில் செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பியைப் பிடிச்சு ஏறணும். தலைக்கு மேலே மதில்தான் தெரியும், வாசலே தெரியாது. கிட்டே போய்க் குனிஞ்சாத்தான் ஒரு ஆள் நுழையற சின்ன ஓட்டை. உள்ளே போய்த் தலையை நீட்டினா, பத்மாவதி ஏரி பளபளன்னு கண்ணு முன்னாடி!

ராஜ்கட்டை ஒரு ஃபேன் மாதிரி நினைச்சுக்கோங்க. நடுவில் மோட்டார் இருக்கிற இடம் 'பாலே கில்லா' என்கிற உச்சிக் கோட்டை. அதிலிருந்து மூணு இறக்கை மாதிரி மூணு மலைத்தோள்கள் நீளும். அதை 'மாச்சி' என்கிறாங்க. வடக்கே பத்மாவதி, கிழக்கே சுவேளா, மேற்கே சஞ்சீவனி. ராய்கட்டுக்கு மாறுகிற வரை சுமார் கால் நூற்றாண்டு காலம் சத்ரபதி சிவாஜியின் தலைநகரம் இதுதான்.

இந்தக் கோட்டையில் எனக்குப் பிடிச்ச கதை ஜெயிச்ச கதை இல்லை. 1665-ல் முகலாயத் தளபதி ஜெய்சிங்கோடு புரந்தர் ஒப்பந்தம். சிவாஜி 23 கோட்டைகளைக் கொடுத்துட்டு 12-ஐ மட்டும் கையில் வச்சுக்கிட்டார். ராஜ்கட், தோரணா, ராய்கட் எல்லாம் அந்தப் பன்னிரண்டில் உண்டு. அடுத்த வருஷம் ஆக்ராவில் அவுரங்கசீப்பின் காவலில் சிக்கி, தப்பிச்சு வந்து சேர்ந்த இடமும் ராஜ்கட்தான். 1670-ல் ஆரம்பிச்சு, விட்ட கோட்டைகளை ஒவ்வொண்ணா திருப்பிப் பிடிச்சார். சிம்பிளா சொன்னா, ஐந்து வருஷம் பின்வாங்கி நின்ன மனுஷன்.

சுவேளா மாச்சியில் பாறையையே குடைஞ்ச மாதிரி இயற்கையா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 'நேதே'ன்னு சொல்றாங்க. ஊசிக் காது மாதிரின்னு வச்சுக்கோங்க. அதுக்குள்ளே உட்கார்ந்தா காத்து ஆளைத் தூக்கும். மச்சான் அங்கே உட்கார்ந்து முட்டி பெல்ட்டைக் கழட்டி, தழும்பை வெயிலில் காட்டினான். "இன்னிக்கு இது ஒண்ணும் சொல்லலைடா" என்றான். இருட்டுறதுக்குள் இறங்கி, மாவ்ஷி வீட்டில் பிட்லா, பாக்ரி, பச்சை மிளகாய் 'தேச்சா'. பிட்லான்னதும் நம்ம ஊர் பாகற்காய் பிட்லைன்னு நினைச்சுடாதீங்க. இது கடலைமாவுக் குழம்பு. தேச்சாவைத் தொட்டு முதல் வாய் போட்ட மச்சானுக்கு முட்டி வலி இருந்திருந்தாலும் அப்போ மறந்திருக்கும்!

*

ரெண்டாம் நாள் காலை அஞ்சு மணிக்கு டார்ச்சோட மறுபடி ராஜ்கட் ஏறினோம். அன்னிக்கு டார்கெட், மேற்கே எதிரில் நிற்கிற தோரணா. அதுக்குப் போகிற வழி சஞ்சீவனி மாச்சி முனையிலிருந்துதான்.

இந்தச் சஞ்சீவனியை இன்ஜினீயரிங் படிக்கிற எல்லாரும் ஒரு தடவை பார்த்துடணும். நீளமா, ஒல்லியா ஒரு மலைத்தோள். அதன் மேல் ஒரு மதில் இல்லை, இரண்டு மதில், ஒண்ணுக்குள் ஒண்ணு. நடுவில் பள்ளம் மாதிரி ஒரு சந்து. எதிரி வெளிச்சுவரை உடைச்சாலும் உள்ளே வந்து அந்தச் சந்தில் மாட்டிப்பான். கல்லெல்லாம் அங்கேயே வெட்டினது. இந்த மலைத்தொடரே சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா வழிஞ்சு உறைஞ்ச பாறை. அதான் தூரத்திலிருந்து பார்த்தா ஒவ்வொரு மலையும் படிக்கட்டு போட்ட மாதிரி தெரியுது. செங்குத்தா நிக்கிற அடுக்கை இயற்கை கட்டிக் கொடுத்துடுச்சு. இடைவெளி இருக்கிற இடத்தில் மட்டும் மனுஷன் சுவர் வச்சிருக்கான். செஞ்சியில் உருண்டை உருண்டையா கிடக்கிற கருங்கல் குன்றுகளுக்கு நேர் எதிரான டிசைன்!

அளு தர்வாஜா வழியா வெளியே வந்தோம். அங்கிருந்து தோரணா வரைக்கும் மலை முதுகு மேலேயே பாதை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் மாசம், ஆளுயரப் புல் காய்ஞ்சு தங்கக் கலரில் நின்னது. பார்க்க ஸ்க்ரீன்சேவர். மிதிச்சா சோப்பு! தலைக்கு மூணு லிட்டர் தண்ணி எடுத்திருந்தோம். நடுவில் ஒரு தார் ரோடு மலை முதுகைக் குறுக்கே வெட்டிட்டுப் போகும். அங்கே ஒரு குடிசைக் கடையில் மோர். 'தாக்' என்கிறாங்க. ஆளுக்கு நாலு க்ளாஸ் அடிச்சோம்.

தோரணாவின் புத்லா மாச்சிக்கு ஏறுகிற கடைசிக் கட்டம்தான் டெரர். உதிர்கிற மண், பிடிக்கப் புல், அப்புறம் பாறையில் ஒரு இரும்பு ஏணி. மச்சான் ஏணியில் இடது காலை முதலில் வச்சு, வலது காலை அதே படிக்குக் கொண்டு வந்து, ஒவ்வொரு படியா குழந்தை மாதிரி ஏறினான். மேலே வந்ததும் ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க... ஒரு வருஷமா நான் பார்க்காத சிரிப்பு.

தோரணா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர். புனே மாவட்டத்திலேயே உசரமான கோட்டை. சிவாஜி முதல்முதலில் பிடிச்ச கோட்டைகளில் ஒண்ணு. 1646-ம் வருஷம்னு சொல்றாங்க. அப்போ அவருக்கு வயசு 16. நமக்கு ப்ளஸ் ஒன் ரிவிஷன் டெஸ்ட்! இங்கே கிடைச்ச புதையலை வச்சுத்தான் எதிரே ராஜ்கட்டைக் கட்டினார்னு ஒரு கதையும் உண்டு.

பிரச்னை அங்கிருந்து வேல்ஹே கிராமத்துக்கு இறங்கும்போது ஆரம்பிச்சது. ஏற்றத்துக்கு நுரையீரல்தான் வேணும். இறக்கத்துக்கு முட்டி. ஒவ்வொரு படிக்கும் உடம்பு வெயிட் முழுக்க வளைஞ்ச முட்டியில் இடிக்கும். முதுகில் பத்து கிலோ பை வேற. பாதி தூரத்தில் மச்சான் பேச்சை நிறுத்திட்டான். இருட்டி ஒரு மணி நேரம் கழிச்சு வேல்ஹே வந்து சேர்ந்தோம். பெல்ட்டைக் கழட்டினா, முட்டி சின்னத் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

ஈரத்துண்டைச் சுத்தி, காலைத் தூக்கிப் பை மேல வச்சுப் படுத்தான். நான் எதுவும் கேட்கலை. அவனே ஃபோனை எடுத்து ஒரு குறிப்பைக் காட்டினான். கிளம்புறதுக்கு முன்னாடியே பிசியோதெரபிஸ்ட்கிட்டே கேட்டு எழுதி வச்சிருக்கான். லேபில் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபெயில் கண்டிஷன் எழுதுவோமே, அதே மாதிரி. 'வீக்கம் ராத்திரியில் குறையணும். முட்டி லாக் ஆகக் கூடாது. நடக்கும்போது திடீர்னு மடங்கக் கூடாது. மூணுல ஒண்ணு தப்பினாலும் அங்கேயே ஸ்டாப்.'

"வலியைப் பத்தி ஒண்ணுமே எழுதலையேடா?"

"வலி இருக்கும்னு எனக்குத் தெரியுமே. அதை எதுக்கு எழுதணும்?"

*

மூணாம் நாள் நடை இல்லை. வேல்ஹேவிலிருந்து ஒரு ஜீப் பிடிச்சு, மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிற மோஹரி கிராமத்துக்குப் போனோம். அதுக்கு அப்பால் ரோடு கிடையாது. பூமியே ஒரு கோடு கிழிச்ச மாதிரி முடிஞ்சு, கீழே பாதாளத்தில் கொங்கணம் ஆரம்பிக்குது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கிற ராய்லிங் சமவெளிக்கு மெதுவா நடந்தோம். விளிம்பில் நின்னா, எதிரே லிங்காணா. பென்சில் சீவி நட்டு வச்ச மாதிரி ஒத்தைப் பாறை. அதுக்குப் பின்னாடி, மேகத்துக்கு நடுவில் மொட்டையா, அகலமா ஒரு மலை. ராய்கட்!

இங்கேதான் செஞ்சிக் கதை வருது. கேளுங்க.

1689-ல் சிவாஜியின் மகன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடிச்சுக் கொன்னுட்டார். தம்பி ராஜாராம் ராய்கட்டில் பட்டத்துக்கு வந்தார். ராஜ்கட்டில் 1670-ல் பிறந்தவர். அப்போ வயசு 19. நம்மைவிடச் சின்னப் பையன்! முகலாயப் படை ராய்கட்டை வளைச்சது. சம்பாஜியின் மனைவி யேசுபாய் ஒரு முடிவு எடுத்தாங்க. 'ராஜா வெளியே போகட்டும், நான் குழந்தையோடு இங்கேயே இருந்து கோட்டையைப் பார்த்துக்கறேன்.' ராஜாராம் ராய்கட்டிலிருந்து நழுவி, பிரதாப்கட், பன்ஹாளா, அப்புறம் மாறுவேஷத்தில் தெற்கே, தெற்கே... அந்த வருஷக் கடைசியில் வந்து சேர்ந்த இடம், 1677-ல் அவங்க அப்பா பிடிச்சு வச்சிருந்த நம்ம செஞ்சி!

ராய்கட் அந்த வருஷமே விழுந்துடுச்சு. யேசுபாயும் மகன் ஷாஹுவும் சிறை. ஆனா ராஜா பிடிபடலை. ராய்கட்டைப் பிடிச்ச அதே தளபதி, ஸுல்ஃபிகர் கான், 1690-ல் செஞ்சிக்கு வந்து முற்றுகை போட்டார். 1698 வரை இழுத்தது! கோட்டை விழுறதுக்குள் ராஜாராம் மறுபடி எஸ்கேப். அந்த எட்டு வருஷத்தில் முகலாயப் படையின் பணமும் ஆளும் நம்ம விழுப்புரம் பக்கத்துப் பாறையில் கரைஞ்சது. மராட்டிய அரசு பிழைச்சது.

இதை மச்சானுக்குச் சொல்லி முடிச்சேன். ராய்கட்டையே பார்த்துக்கிட்டு இருந்தவன், "அப்போ ஓடினவன்தான் ஜெயிச்சிருக்கான்" என்றான்.

"ஓடினவனும், இருந்தவங்களும்" என்றேன்.

அன்னிக்கு ராத்திரி மோஹரியில் ஒரு காகா வீட்டில் தங்கினோம். அறுபதைத் தாண்டின மனுஷன். ரப்பர் செருப்பு, வெள்ளைத் தொப்பி. மறுநாள் சிங்காபூர் நாள் வழியா கொங்கணத்துக்கு இறங்கணும்னு சொன்னோம். 'நாள்'னா இரண்டு மலைச்சுவருக்கு நடுவில் மழைத்தண்ணி அரிச்சுப் போட்ட இடுக்கு. வெயில் காலத்தில் தண்ணி இருக்காது, பாறாங்கல்தான் இருக்கும். 'ஆள் இல்லாம போகாதீங்க, நானே வர்றேன்' என்ற காகா, மச்சான் முட்டியைப் பார்த்துட்டு என் முகத்தைப் பார்த்தார். ஜீப் மறுநாள் காலையும் வரும், புனேவுக்கே திரும்பிப் போயிடலாம்னும் சொன்னார்.

முடிவை நான் எடுக்க முடியாது. முட்டி என்னுடையது இல்லையே. 'நீ எதைச் சொன்னாலும் ஓகே' என்று மட்டும் சொன்னேன். மச்சான் தூங்கலை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கும் தூக்கம் வரலை.

*

காலையில் வீக்கம் குறைஞ்சிருந்தது. மச்சான் முற்றத்தில் ஒத்தைக் காலில் நின்னான். அரைக் குந்து உட்கார்ந்து எழுந்தான். திண்ணையிலிருந்து வலது காலை ஊன்றி இருபது தடவை இறங்கினான். லாக் ஆகலை, மடங்கலை. காகா வீட்டுக் கோழி மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

அப்புறம் அவன் செஞ்ச காரியம்தான் எனக்கு ஆச்சரியம். தன் பையைத் தூக்கி, காகாகிட்டே நீட்டினான். "இதைச் சுமக்க யாராவது வருவாங்களான்னு கேளு. கூலி நான் தர்றேன்." ஒரு வருஷமா ஊன்றுகோலோட நடந்தப்பகூட, மெஸ் தட்டை யார்கிட்டேயும் கொடுக்காதவன் அவன். காகாவின் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் பையை வாங்கித் தோளில் போட்டார். காகா மூங்கிலில் இரண்டு கம்பு வெட்டிக் கொடுத்தார்.

நாளின் வாயில் ஒரு பாறை. காகா நின்னு, "இதுவரைக்கும் திரும்பலாம். இதுக்குக் கீழே போனா, ஏறி வர்றதைவிட இறங்குறது சுலபம்" என்றார். மச்சான் அந்தப் பாறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தான். தண்ணி குடிச்சான். பெல்ட்டை இறுக்கினான். "போலாம்."

அடுத்த சில மணி நேரம் நான் பார்த்தது ட்ரெக்கிங் இல்லை, ஒரு பரீட்சை. ரெண்டு கம்பையும் கீழே ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலால் தேடி, வலது காலைக் கொண்டு வந்து... ஒவ்வொரு கல்லா. சில கல் ஆடும். சில இடத்தில் உட்கார்ந்தே வழுக்கி இறங்கணும். அப்பப்போ காகா திரும்பாமலே சொல்வார், "ஹளூ ஹளூ". மெதுவா, மெதுவா. நாங்க கத்துக்கிட்ட மராத்தியில் உருப்படியான வார்த்தை அது ஒண்ணுதான். ஊர்க்காரங்க ரெண்டு மூணு மணி நேரத்தில் இறங்குறதை நாங்க ஆறு மணி நேரம் இறங்கினோம். பாதியில் ஒரு கல் புரண்டு மச்சான் சரிஞ்சான். எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அவன் கம்பில் தொங்கிக்கிட்டே, "மடங்கலைடா... மடங்கலை!" என்று கத்தினான். அந்தச் சுவர் ரெண்டும் அதைத் திருப்பிச் சொன்னது.

மதியம் தாண்டி தாபோலி கிராமத்தில் தட்டையான தரையை மிதிச்சோம். இதுவரை நாலு வார்த்தைக்கு மேல் பேசாத காகா, மச்சான் தோளைத் தட்டி என்னமோ நீளமா சொன்னார். எனக்குப் பாதிதான் புரிஞ்சது. அவசரப்படாத கால் உடையாதுங்கிற மாதிரி. எங்ககூட டீ குடிச்சுட்டு, மறுபடி அதே இடுக்கில் ஏற ஆரம்பிச்சார். ரப்பர் செருப்போட!

அங்கிருந்து ராய்கட் அடிவாரத்துக்கு நடந்தும் போகலாம். நாங்க வண்டி பிடிச்சோம்.

*

அஞ்சாம் நாள், ராய்கட். சுமார் 820 மீட்டர். ஆயிரத்துக்கும் மேல் படிகள். மச்சான் பத்து பத்துப் படியா எண்ணி ஏறினான். மகா தர்வாஜாவில் பாருங்க, இரண்டு பெரிய கொத்தளங்கள் பசுவின் முகம் மாதிரி முன்னாடி வளைஞ்சு வந்து வாசலை மறைச்சுக்கும். நேரா வர்றவனுக்குச் சுவர்தான் தெரியும். வளைஞ்சு உள்ளே வந்தா, மேலேயிருந்து கல் மழை!

மேலே ஒரு ஊரே இடிஞ்சு கிடக்கு. தெரு அகலமா, இரண்டு பக்கமும் வரிசையா கடைகளின் அஸ்திவாரம். அப்புறம் அரசவை. 1674 ஜூன் 6-ம் தேதி சிவாஜி முடிசூடின இடம். சிம்மாசனம் இருந்த இடத்தில் மெதுவாப் பேசினா எதிரே நகார்கானா வாசலில் கேட்கும்னு சொல்வாங்க. டெஸ்ட் பண்ணோம். நான் வாசலில் நின்னேன். மச்சான் அங்கிருந்து என்னமோ முணுமுணுத்தான். "சாப்பாடு எப்போ?" என்று தெளிவா கேட்டது. சவுண்ட் இன்ஜினீயர் வாழ்க!

ஜெகதீஸ்வரர் கோயில் பக்கத்தில் சிவாஜியின் சமாதி. 1680 ஏப்ரலில் இந்தக் கோட்டையில்தான் இறந்தார். கோயில் படிக்கல் ஒண்ணில், இந்தக் கோட்டையைக் கட்டின ஹிரோஜி இந்துல்கரின் பெயர் வெட்டியிருக்கு. இத்தனை பெரிய வேலையைச் செஞ்ச ஆளின் பெயர், எல்லாரும் மிதிச்சுட்டுப் போகிற படியில்! மிச்சம் இருந்த மாளிகைகளை 1818-ல் பிரிட்டிஷ் பீரங்கி முடிச்சுவிட்டுடுச்சு. இப்போ இருக்கிறதெல்லாம் சுவரும் தூணும் வானமும்தான்.

கோட்டை ஓரத்தில் ஹிரகணி கொத்தளம். பால் விற்க வந்த ஹிரகணிங்கிற பெண், சாயங்காலம் கதவு பூட்டினதால் உள்ளே மாட்டிக்கிட்டாளாம். கீழே வீட்டில் கைக்குழந்தை. ராத்திரியில் அந்தச் செங்குத்துப் பாறையில் இறங்கியே வீட்டுக்குப் போயிட்டாளாம். விஷயம் தெரிஞ்ச சிவாஜி, அவளைப் பாராட்டி, அந்த இடத்தில் ஒரு கொத்தளம் கட்டி அவள் பேரையே வச்சாருன்னு கதை. மச்சான் விளிம்பில் எட்டிப் பார்த்துட்டு, "ஏறினவங்க பேர்ல ஊர் ஊரா சிலை இருக்கு. இறங்கினவ பேர்ல ஒண்ணு இங்கேதான்டா பார்க்கறேன்" என்றான்.

திரும்பும்போது நான் படிக்கட்டுப் பக்கம் நடந்தேன். அவன் ரோப்வே கவுன்டருக்குப் போய் டிக்கெட் எடுத்துட்டான். 1996-லிருந்து ஓடுகிற ரோப்வே, சில நிமிஷத்தில் கீழே கொண்டு விட்டுடும். "என்னடா, கடைசியில் கவுத்துட்டியே? அந்த நாளையே இறங்கினவன் இந்தப் படியை இறங்க மாட்டியா?" என்று கலாய்ச்சேன். கூலா சொன்னான்: "ஏறினது எனக்காக. இறங்கறது முட்டிக்காக."

*

சரி, நீங்க போறதா இருந்தா சில மேட்டர். மழை முடிஞ்சு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்க. மழையில் புல்லும் பாறையும் உயிரை எடுக்கும், வெயில் காலத்தில் தண்ணி கிடைக்காது. கோட்டை மேலே தங்கலாமாங்கிறதை அடிவாரத்தில் கேட்டுக்கோங்க. 'நாள்' எதிலேயும் ஊர்க்காரர் இல்லாம கால் வைக்காதீங்க. ஃபோன் மேப் அந்த இடுக்குக்குள் சும்மா நீலப் புள்ளியைச் சுத்தவிடும், அவ்வளவுதான். கூலியில் பேரம் பேசாதீங்க. சுவத்தில் ஹார்ட்டின் போட்டு அம்பு விடுற ஆசாமிங்க தயவுசெஞ்சு வீட்டிலேயே இருங்க. எங்களுக்கு ரயில், சாப்பாடு, தங்கல், காகாவுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து தலைக்கு ஐயாயிரத்துக்குள் முடிஞ்சது.

மச்சான் மறுபடி கபடி ஆடறானான்னு கேட்பீங்க. இல்லை. டாக்டர்கிட்டே போனான், முட்டியைக் காட்டினான், நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா அவனே யோசிச்சு, இந்த சீசன் வேணாம்னு முடிவு பண்ணிட்டான். இப்போ தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டில் இருக்கான். ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ரெய்டு சொல்லிக்கொடுக்கிறான். எப்படித் திரும்பணும், திரும்பும்போது காலை எப்படி எடுக்கணும், எப்போ பாயின்ட்டை விட்டுட்டு நடுக்கோட்டுக்கு வந்துடணும்... அதுதான் முதல் பாடமாம். பசங்க அவசரப்பட்டா, கோட்டுக்கு வெளியே நின்னு ஒரே சத்தம் போடுவான்:

"டேய்... ஹளூ ஹளூ!"

ஒருத்தனுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனா வேகத்தைக் குறைச்சுடறாங்க.